நின்றால் கோடு, நகர்ந்தால் வண்டி

ஸ்லிட் ஸ்கேனை ஒரு ஃபில்டர் என்று நினைத்து, முகத்தை நெளிய வைத்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறவர்களே அதிகம். அதை நேரத்தை அளக்கும் கருவியாக எடுத்துக்கொண்டால்தான் பலன் என்பது என் கட்சி. வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே இடத்திலிருந்து ஒரு பிக்சல் அகலச் செங்குத்துக் கீற்றை மட்டும் வெட்டி, இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. படத்தின் உயரம் இடம், அகலம் முழுக்க நேரம். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 1920 பிக்சல் நிரம்ப 64 விநாடி ஆகும். மதுரையின் கோரிப்பாளையம் சந்திப்பு இதற்கு வாகான இடம். கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தினால் கட்டடமும் விளம்பரப் பலகையும் வெறும் கிடைக்கோடுகளாகிவிடும். கடந்துபோகிற பஸ்ஸும் ஆட்டோவும்தான் உருவம் பெறும். சிக்னலில் ஒரு பஸ் கீற்றுக்கு நேராக ஒரு நிமிடம் நின்றால் அதன் ஜன்னல் 1800 பிக்சலுக்கு இழுபடும். நெரிசலை ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

வேகத்துக்குச் சாட்சி சக்கரம். கீற்றைக் கடக்கும் வண்டி ஃபிரேமுக்குப் பத்து பிக்சல் நகர்ந்தால், ஒரு பிக்சல் கீற்றில் அது பத்து மடங்கு நசுங்கி, சக்கரம் ஒல்லி முட்டையாகத் தெரியும். கீற்றைப் பத்து பிக்சலாக்குங்கள், வட்டம் திரும்பிவிடும். 240 ஃபிரேமில் எடுத்தாலும் நசுங்கல் குறையும். ஆனால் இரவில் வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல தெருவிளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கி, படமெங்கும் பட்டை பட்டையாக விழும். இன்னொரு வேடிக்கை: எந்தத் திசையில் போனாலும் வண்டியின் மூக்குதான் முதலில் கீற்றைத் தொடும் என்பதால், படத்தில் எல்லாமே இடப்பக்கம் பார்த்தே ஓடும். நம் பக்கத்து லேனில் போகும் பஸ்ஸின் எழுத்து நேராக வரும். எதிர் லேன் பஸ்ஸில் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக் கிடக்கும்.

‘இது பொய்ப் படம்தானே’ என்பார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவுக்கு நூறில் ஒரு விநாடியில் வெண்கலம் நழுவியது. அவ்வளவு நுண்ணிய வித்தியாசத்தைக் காட்டும் போட்டோ ஃபினிஷ் கேமரா, முடிவுக்கோட்டை மட்டும் ஒரு கீற்றின் வழியே விடாமல் பார்க்கிற இதே முறைதான். அந்தப் படங்களில் கோட்டின்மேல் ஊன்றிய பாதம் படகுபோல் நீண்டிருக்கும். நடுவர்கள் அதைப் பொய் என்று தள்ளுவதில்லை. ஆப்பே செய்துவிடுமே என்பது அடுத்த கேள்வி. செய்யட்டும். ஆனால் மூல வீடியோ கையில் இருந்தால்தான் கீற்றின் இடத்தையும் அகலத்தையும் பிறகு மாற்றிப் பார்க்க முடியும். புராசஸிங் என்ற இலவச மென்பொருளில் சில வரி நிரல் போதும்.

கோரிப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே வைகை இருக்கிறதே, சித்திரையில் அழகர் இறங்குவதை இப்படி எடுக்கலாமா என்றால், எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. கூட்டம் நின்ற இடத்தில் நிற்கும், கோடுதான் மிஞ்சும். குதிரை வாகனம் கீற்றுக்கு நேராக முன்னும் பின்னும் அசைந்தால் ஒரே குதிரைக்கு இரண்டு மூன்று தலை முளைக்கும்.