சூரபன்மன் பெற்றது பரிசா, பணியா?

கந்தசஷ்டி விரதம் அணித்தாகும் நாள்களிற் சைவ பாடசாலைகளிலே சூரபன்மன் சரிதம் கற்பிக்கப்படுவது வழக்கம். சென்ற ஐப்பசியிற் கொம்பனித்தெருவில் யாம் நடத்தும் சமயபாட வகுப்பிலும் அதுவே பாடமாயிற்று. சூரன் இருகூறாகி, மயிலுஞ் சேவலுமாய் வந்து, முருகப்பெருமானுக்கு ஊர்தியுங் கொடியுமாயினான் என்று யாம் முடித்தவுடன், பன்னிரண்டு வயதுடைய பிள்ளையொருவன் எழுந்தான். "ஐயா, சூரன் தேவர்களை எத்தனையோ காலஞ் சிறையில் வைத்து வருத்தினானே. கடைசியில் அவனுக்குத்தான் சுவாமியின் பக்கத்தில் இடங் கிடைத்தது. அப்படியென்றால் வருந்தியவர்களுக்கு என்ன கிடைத்தது?" என்று வினாவினான்.

சூரன் ஆணவத்தையும், சிங்கமுகன் கன்மத்தையும், தாரகன் மாயையையும் குறிப்பர் என்னும் வழக்கமான விடையை யாம் கூறினோம். பிள்ளை அமர்ந்தான், அவன் முகமோ தெளியவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. அவனைப் பலநாள் அடித்து, அவனது சிற்றுண்டிக் காசைப் பறித்துவந்த மாணாக்கனொருவன், குற்றம் வெளிப்பட்டபின் அழுது மன்னிப்புக் கேட்டான். அவன் திருந்தினானென மகிழ்ந்து, யாமே அவனை வகுப்புத் தலைவனாக்கினோம். பறித்த காசு திரும்பிற்றா என்று கேட்டிலோம். ஆகவே பிள்ளை சூரனை முன்னிட்டு வினாவியது எம்மையே என்பதை உணர்ந்து நாணினோம்.

இவ்வினா புராணத்துக்கு மாத்திரம் உரியதன்று. யாம் இளமையிற் பயின்றது மிஷன் பாடசாலையில். பொருளையெல்லாம் அழித்து மீண்ட இளைய மகனுக்குத் தந்தை விருந்து செய்ய, உடனிருந்து உழைத்த மூத்த மகன் வெகுண்டு வெளியே நின்ற கதையை அங்கே படித்தோம். அம்மூத்த மகன் கேட்டதும் எம் மாணாக்கன் கேட்டதும் ஒன்றே. அருள் என்னுஞ் சொல் வழங்குமிடமெங்கும் இக்கேள்வி எழும். வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் துரைக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவி, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்குச் சமயத்தை வினாவிடையாகவே எழுதி வைத்தார். வினாவுக்கு அஞ்சுதல் எமக்கு மரபன்று. ஆதலின் நூலினையே நோக்குவோம்.

நூல் கூறுவது

காஞ்சிக் கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்திலே சூரன் அறியாமையாற் கெட்டவனாகக் காட்டப்படவில்லை. தந்தையாகிய காசிபர் அறநெறியைப் போதித்தார்; தாயாகிய மாயை செல்வமும் வலிமையுமே பொருளென்றாள். இரண்டையுங் கேட்டவன் தாய்சொல்லைத் தெரிந்துகொண்டான். பின்னர் அருந்தவம் இயற்றி, வேள்வித்தீயில் வீழ்ந்து, 1,008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தைச் சிவபெருமானிடம் பெற்றான். இஃது அவன் தவத்துக்குரிய கூலி. அதனை முழுதும் நுகர்ந்தான். தவற்றுக்குரிய தண்டமும் அவனை அடைந்தது. தம்பியர் இறந்தனர், மைந்தன் பானுகோபன் இறந்தான், மனைவி பதுமகோமளை உயிர்நீத்தாள், மகேந்திரபுரி கடலுள் ஆழ்ந்தது. கூலியும் தண்டமுமாகிய இக்கணக்கிலே சூரனுக்கு மீதியாய்க் கொடுக்கவேண்டியது யாதுமில்லை. பெருமான் அளித்தது கணக்கிற்கு அப்பாற்பட்டது.

அஃது யாது? போரின் இடையே பெருமான் தம் பேருருவைக் காட்டியருளினார். அதனைக் கண்ட சூரன் உள்ளம் ஒரு கணந் தெளிந்தது. அவ்வுருவை வலம்வரவும், கைகூப்பவும், அடியில் வீழவும், ஆளாய் வாழவும் அவன் விரும்பினான். விரும்பியும் செய்திலன், மானம் என்னும் ஒன்றே தடுத்தது. பேருரு மறையவே பழைய செருக்கு மீண்டது. கடல் நடுவே மாமரமாய் நின்றான், வேலினாற் பிளவுண்டான், பிளவுண்ட கூறுகளும் பகைகொண்டே மயிலுஞ் சேவலுமாய்ப் பாய்ந்தன. பெருமான் அருட்கண்ணால் நோக்க, அவை பகை நீங்கித் தெளிந்து பணிந்தன. அதுகாறும் பெருமானை மயிலாகித் தாங்கியவன் இந்திரன். கொடிச்சேவலாய் நின்றவன் அக்கினி. அவ்விடங்களே சூரனுக்கு வாய்த்தன.

எமது துணிபு

சூரன் தான் திருந்தி அதற்குப் பரிசு பெற்றான் என்றல் பொருந்தாது. திருந்த விரும்பிய கணத்திலே அவனைத் தடுத்த மானத்தை வேல் அறுத்தது. அவன் விரும்பியும் அடையமாட்டாத ஆள்நிலையை அருள்நோக்கு அளித்தது. இதனையே மறக்கருணை என்பர் சான்றோர். ஆணவம் அழியாது, அதன் வலி ஒடுங்கும் என்னுஞ் சித்தாந்தமும், சூரன் மாயாது தாங்கும் மயிலாயினமையால் விளங்கும்.

பரிசுக்கும் பணிக்கும் உள்ள வேற்றுமையை அறிய இராவணனை நினைக்க. கயிலையைப் பெயர்த்து நெரியுண்டவன், இசை பாடிப் பிழை பொறுக்க வேண்டினான். வாளும் வாழ்நாளும் பெற்றுத் தன்னாட்டிற்கு மீண்டான். சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டில் அவனைப் பெரும்பாலும் நினைவுகூர்வர். ஆயினும் வாளைப் பெற்றவன் செருக்கை விட்டானல்லன். சூரனுக்கோ வாளும் இல்லை, நாடும் இல்லை. சுமக்கும் வேலையும் கூவும் வேலையுமே உள.

"சுமத்தல் அடிமைத்தனமன்றோ?" எனச் சிலர் கேட்பர். எம் கொம்பனித்தெரு ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலன்ட்' எனப்பட்டது. ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்தமையால் வந்த பெயர் அது. பூட்டி அடைத்தலால் வருவது அவ்வடிமை. மானம் ஒழிந்தபின் உள்ளம் விரும்பிய ஆளாதல் வேறு. சூரன் பிறரைப் பூட்டியவன். தான் பூட்டப்படாமலே தாங்குகின்றான்.

இனி, வருந்தியவர்களுக்கு என்ன கிடைத்தது? சூரன் வீழ்ந்தவுடன் பெருமான் வீரவாகுதேவரை அனுப்பிச் சயந்தனையும் தேவரையும் சிறைமீட்டார். தேவர் தம் பதியை மீளப்பெற்றனர். சூரனுக்கு அருளியதற்காகத் தேவர்க்குரியது ஒன்றும் குறைக்கப்படவில்லை. அருள் செய்வார் மறக்கலாகாத பகுதி இது. யாம் வகுப்பில் மறந்ததும் இதுவே.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

1. சிறைமீட்சியைச் சொல்லாமற் சூரன் கதையை முடிக்கலாகாது. மயிலோடு நிறுத்தினால் நீதி பாதியே தோன்றும்.

2. மும்மல விளக்கம் மேல்வகுப்பிற்கு ஏற்றது. இளம்பிள்ளை நீதி கேட்கும்போது தத்துவத்தைச் சொல்லி அவன் வாயை அடைத்தல் தகாது.

3. தக்கன் வேள்வியிற் கலந்த பிழையால் தேவர் துன்புற்றனர் எனத் தட்ச காண்டங் கூறும். அடியுண்டு வந்த பிள்ளையிடம் இதனை எடுத்துரையற்க. அவன் துன்பத்துக்கு அவனே காரணம் எனக் கருதி நைவான்.

4. திருந்திய பிள்ளைக்குப் பட்டமும் பதவியும் கொடாது, பணி கொடுக்க. பறித்ததை மீட்டுக் கொடுப்பித்த பின்னரே அதுவும்.

மறுவாரம் யாம் எம் பிழையை வகுப்பினர் முன் சொன்னோம். காசு எண்ணித் திருப்பப்பட்டது. தலைவர் பதவி வேறொருவனுக்குச் சென்றது. காசு பறித்தவன் அன்றுமுதல் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கின்றான்; முதல் நாளிலே முகஞ் சுளித்தான், இப்போது சுளிப்பதில்லை. வினாவிய பிள்ளை அவனோடு இன்னும் நட்புக் கொண்டிலன். கொள்ளுமாறு யாம் வற்புறுத்தவுமில்லை. ஆயினும் சென்ற வெள்ளிக்கிழமை அவன் கையால் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்ததைக் கண்டோம்.