பூரணம் என்பது யாது?



"சரக்கு முதல் தரம், ஒரு குறையும் இல்லை" என்று நாம் கடையில் நாளொன்றுக்கு எத்தனை முறை சொல்லுகிறோம் என்பதற்குக் கணக்கில்லை. மலாய்க்கார வாடிக்கையாளரிடம் அதையே "செம்பூர்ணா" என்கிறோம். ஆங்கிலம் படித்தவரிடம் "பெர்பெக்ட்" என்கிறோம். மூன்று சொல்லும் ஒரே பொருளைத்தான் தருகின்றன என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அச்சொற்கள் பிறந்த வழியைத் தேடிப் பார்த்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளை என்பது விளங்கும். மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் கற்றதைக் கொண்டு, அகராதிகளைப் புரட்டி நான் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன். வியாபாரிக்குச் சொல் என்பது வெறும் ஓசையன்று, அது வாக்கு. எந்த வாக்கைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நமக்குக் கடமையல்லவா?

பூரணத்தைக் குறிக்கும் சொற்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். நிரம்புதல், முடிதல், பழுத்தல், பழுதில்லாமை என்பனவே அந்நான்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நிரம்புதல்

தமிழில் 'நிறைவு' என்கிறோம். பாத்திரம் விளிம்பு மட்டும் நிரம்பியிருப்பதே அதன் பொருள். நிறைகுடம், நிறைமாதக் கர்ப்பிணி என்பனவெல்லாம் அவ்வழி வந்தவை. எடையைக் குறிக்கும் 'நிறை' என்பது 'நிறு' என்ற வினையிலிருந்து வந்தது. ஓசை ஒன்றானாலும் சொல் வேறு. ஆயினும் தராசு பிடிக்கும் நமக்கு இரண்டும் வேண்டும்: நிறுத்தது நிறைந்திருக்க வேண்டும்.

'பூரணம்' என்பது வடமொழி. 'பூர்ண' என்றால் நிரம்பியது. அதனோடு 'சம்' சேர்ந்து 'சம்பூர்ணம்' ஆயிற்று. சங்கீதத்தில் ஏழு ஸ்வரமும் உள்ள ராகத்தைச் சம்பூர்ண ராகம் என்பதும் இதனாலேயே. அச்சொல்லே மலாயில் 'செம்பூர்ணா' என்று வழங்குகிறது. சபாவில் செம்பொர்ணா என்று ஓர் ஊருக்கே பெயராயிற்று. முழு நிலவை மலாயில் 'பூர்ணாமா' என்பதும், நாம் 'பௌர்ணமி' என்பதும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஆங்கிலத்தின் 'புல்' என்ற சொல்லும், 'கம்ப்ளீட்' என்ற சொல்லின் உள்ளே இருக்கும் லத்தீன் வேரும், இந்தப் 'பூர்ண' என்பதற்குத் தூரத்து உறவினர் என்பது மொழியறிஞர்கள் நிலைநாட்டிய செய்தி.

சீன அண்டை வீட்டாரும் இவ்வழியே வருகிறார்கள். வட்டம், நிரம்பியது என்ற இரு எழுத்துக்களைச் சேர்த்து 'யுவான்மான்' என்பார்கள். குறைவின்றி நிறைவேறியது என்று பொருள். குழந்தை பிறந்து ஒரு மாதம் நிரம்பினால் சிவப்பு முட்டை கொடுக்கிறார்களே, அந்த 'மான்யுவே' விழாவின் 'மான்' என்பதும் இதுவே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பௌர்ணமி நிலவு நிரம்பியதுதான்; ஆனால் அதில் களங்கம் இல்லையா? நிரம்பியது என்பதால் குறையற்றது என்று ஆகிவிடாது. கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததை மேலே வைத்து மக்கள் பார்க்கும்படி விற்றிருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கேட்டதும், ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. அந்தக் குவியலின் அளவில் யாரும் குறை சொல்லவில்லை. குறை உள்ளே இருந்தது.

2. முடிதல்

ஆங்கில 'பெர்பெக்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'பெர்' என்றால் கடைசிவரை. 'பாகெரே' என்றால் செய்தல். கடைசிவரை செய்து முடிக்கப்பட்டது என்பதே சொற்பொருள். பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக 'பார்பிட்' என்ற உருவில் ஆங்கிலத்தில் புகுந்து, பின்னர் லத்தீனைப் பார்த்து எழுத்துத் திருத்தப்பட்டது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் 'பிரெஸன்ட் பெர்பெக்ட் டென்ஸ்' என்று இலக்கணம் படிக்கிறார்களே, அங்கே 'பெர்பெக்ட்' என்பதற்கு அழகானது, குறையற்றது என்ற பொருளே இல்லை. செயல் முடிந்துவிட்டது என்றே பொருள். பழைய அர்த்தம் அந்த மூலையில் பத்திரமாக இருக்கிறது.

அரபியில் 'தமாம்' என்பது இவ்வகையைச் சேர்ந்தது. கிதாபை எழுதி முடித்தவர் கடைசியில் 'தம்மத்' என்று எழுதுவார். முடிந்தது என்று பொருள். அதுவே மலாயில் 'தமாத்' ஆயிற்று. பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தாலும் 'தமாத்' தான். கடை லைசென்ஸின் காலம் முடிந்து போனாலும் 'தமாத்' தான். ஒன்றுக்கு விருந்து வைக்கிறோம், மற்றொன்றுக்கு அபராதம் கட்டுகிறோம்! முடிந்தது என்பது மட்டும் நன்மையாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

3. பழுத்தல்

'பக்கா' என்ற இந்துஸ்தானிச் சொல்லை அறியாத வியாபாரி இல்லை. பக்காக் கட்டடம், பக்காக் கணக்கு என்கிறோம். அதன் முதற்பொருள் பழுத்தது, சமைந்தது என்பதாகும். வடமொழியின் 'பக்வ' என்பதே அதற்கு மூலம். நமது 'பக்குவம்' என்பதும் அதிலிருந்தே வந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் 'பக்கா'வை 'பக்கா சாகிப்' என்று தங்கள் மொழிக்கும் கொண்டு போனார்கள். மலாய் மொழியோ யாரிடமும் கடன் வாங்காமலே இதே வழியில் சென்றிருக்கிறது: 'மாசாக்' என்றால் பழம் பழுத்தது என்றும் பொருள், சோறு வெந்தது என்றும் பொருள்.

தமிழ்ச் சொல் 'முற்று' என்பது இவ்விரு வழியையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது. கதையின் இறுதியில் 'முற்றும்' என்று போடுகிறோம், அது முடிதல். தேங்காய் முற்றியது என்கிறோம், அது விளைதல். இந்தச் சொல்லுக்குப் பின்னால் மறுபடியும் வருவேன். இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

4. பழுதில்லாமை

நான்காவது வகை, இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லுகிறது. அரபியின் சகோதர மொழியான எபிரேயத்தில், 'தமாம்' பிறந்த அதே வேரிலிருந்து 'தாமீம்' என்ற சொல் உண்டாயிற்று. தவ்ராத்தில் பலியிடத்தக்க பழுதற்ற பிராணியைக் குறிக்க அச்சொல் வருகிறது. நம் குர்பானி ஆட்டுக்கும் இவ்வாறே பார்க்கிறோம்: கண் குருடு தெரியக் கூடாது, நொண்டி தெரியக் கூடாது, நோய் தெரியக் கூடாது, எலும்பும் தோலுமாக இருக்கக் கூடாது. ஊரிலேயே சிறந்த ஆடு என்று யாரும் கேட்பதில்லை. பார்க்க வேண்டிய பழுதுகள் இவை என்று வரையறுத்திருப்பதால், பார்ப்பவனுக்குச் சந்தேகம் வருவதில்லை.

பழுதுக்கு அரபியில் 'ஐப்' என்று பெயர். பிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்று ஒரு பாடம் உண்டு: விற்பவர் சொல்லாமல் மறைத்த பழுது சரக்கில் முன்பே இருந்தது தெரிந்தால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்க உரிமை பெறுகிறார். இச்சொல் மலாயில் 'ஆயிப்' என்று மானக்கேட்டைக் குறிக்கிறது. நம்மவர் பேச்சிலும் 'ஐபு' என்றால் வெட்கக்கேடு. சரக்கின் குறை மனிதனின் மானக்கேடாக மாறியது சொல்லின் பயணத்தில் மட்டுமா? பழுதை மறைத்து விற்பவர் வாழ்விலும் அதுதான் நடக்கிறது.

ஜப்பானியர் குறையற்றதை 'கான்பெகி' என்பார்கள். அது சீனத்தின் 'வான்பி', அதாவது உடையாத பச்சைக்கல் தட்டு. அதற்கு ஒரு கதை உண்டு. சுமா சியென் என்ற சீன வரலாற்றாசிரியர் எழுதி வைத்தது. கி.மு. 283இல் சாவ் நாட்டரசரிடம் இருந்த விலைமதிப்பற்ற பச்சைக்கல்லுக்கு 15 நகரங்கள் தருவதாகச் சின் நாட்டரசர் சொல்லி அனுப்பினார். லின் சியாங்ரு என்பவர் கல்லைக் கொண்டு போனார். கல்லை வாங்கிக்கொண்ட சின் அரசரோ நகரங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. உடனே லின், "கல்லில் ஒரு பழுது இருக்கிறது, காட்டுகிறேன்" என்று சொல்லி அதைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு தூணருகே போய் நின்று, பலவந்தம் செய்தால் தலையையும் கல்லையும் சேர்த்து மோதி உடைப்பேன் என்று மிரட்டினார். கடைசியில் அதை இரகசியமாகத் தம் நாட்டுக்கே அனுப்பிவிட்டார். ஒப்படைத்த பொருள் உடையாமல் உரியவரிடம் திரும்பியது என்பதே அச்சொல்லின் கரு. நமது மொழியில் சொன்னால், அமானிதம் பேணப்பட்டது.

ஓர் எச்சரிக்கை

சொல்லாராய்ச்சியில் காதை மட்டும் நம்பலாகாது. மலாயின் 'குராங்' என்பதையும் தமிழின் 'குறை' என்பதையும் கேட்டு, மலாய்க்காரர் நம்மிடம் வாங்கிய சொல் அது என்று சொல்லுவோர் உண்டு. பிலிப்பைன் தீவுகளின் தகாலோக் மொழியிலும் அது 'குலாங்' என்று இருக்கிறது; ஆகவே அது அத்தீவு மொழிகளின் சொந்தச் சொத்து. அவ்வாறே அரபி 'கமால்' நிறைவு. பார்ஸி 'கம்' குறைவு. நாம் 'கம்மி' என்பது இந்தப் பார்ஸிச் சொல்லே. ஓசையில் அண்ணன் தம்பி போல் இருந்தாலும் பொருளில் எதிரிகள்.

கமால் என்னும் சொல்

இப்போது கடைசிச் சொல்லுக்கு வருகிறோம். குர்ஆனில் ஸூரத்துல் மாயிதாவின் 3ஆம் ஆயத்தில், மார்க்கத்தைக் குறித்து 'கமால்' வேரிலிருந்து ஒரு சொல்லும், அருட்கொடையைக் குறித்து 'தமாம்' வேரிலிருந்து ஒரு சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் ஒன்றேயானால் இரண்டு சொல் எதற்கு? சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்ஆனின் சொற்களுக்கு அகராதி செய்த இமாம் ராகிப் அல்இஸ்பஹானி அவர்கள் தரும் விளக்கத்தின் கருத்து இது: வெளியிலிருந்து வேறொன்றும் வேண்டாத எல்லையை ஒரு பொருள் அடைவது தமாம், எந்த நோக்கத்துக்காக அது இருக்கிறதோ அந்த நோக்கம் நிறைவேறுவது கமால். இரண்டு முழு ஆண்டுகள் என்று எண்ணிக்கையைச் சொல்லவும் குர்ஆனில் 'காமில்' வருகிறது. ஆதலால் இரண்டுக்கும் நடுவே மதில் எழுப்ப வேண்டியதில்லை. ஆயினும் அந்த வேறுபாடு நமக்குப் பெரிதும் உதவும்.

ஒரு பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் இருக்கிறது, வளையம் இருக்கிறது, சாவி இரண்டு இருக்கின்றன, இது தமாம். வீட்டைக் காத்தால்தான் கமால்.

கிரேக்கர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். அவர்கள் மொழியில் 'தெலோஸ்' என்றால் முடிவு, இலக்கு. அதிலிருந்து பிறந்த 'தெலெயோஸ்' பூரணமானது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் அச்சொல்லின் பொருள்களை வகுத்துச் சொல்லும்போது, கெட்டதற்கும் அது வழங்கும் என்று பூரணமான திருடனை உதாரணம் காட்டினார். நாம் 'பக்காத் திருடன்' என்பதில்லையா? திறமையில் நிரம்பியவன்தான், நோக்கமே கெட்டது. ஆகையால் சொல்லை மட்டும் கேட்டு மயங்காமல், எதற்காகப் பூரணம் என்று கேட்க வேண்டும்.

'முற்று' என்ற சொல்லுக்கு இப்போது திரும்புவோம். தேங்காய் முற்றினால் துருவிப் பால் எடுக்க நல்லது. அதே தேங்காயைத் தாகத்துக்குக் கேட்பவருக்கு இளநீராகவே வேண்டும். வெண்டைக்காய் முற்றினால் ஆடு மாட்டுக்குத்தான் ஆகும். ஆனால் விதைக்கு எடுப்பவருக்கு முற்றிய காயே வேண்டும். காய் ஒன்று, முற்றுதல் ஒன்று. ஒருவருக்குக் கமால், மற்றவருக்குக் கழிவு. பூரணம் பொருளுக்குள் மட்டும் இல்லை. வாங்குபவரின் தேவையோடு சேர்ந்தே இருக்கிறது.

நமக்குள்ள பாடம்

ஆகவே சகோதரர்களே, "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லுமுன் நான்கு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ளுவோம். அளவு நிரம்பியிருக்கிறதா? வேலை முடிந்திருக்கிறதா? பக்குவம் வந்திருக்கிறதா? மறைந்த பழுது உண்டா? இந்நான்கையும் கேட்ட பிறகு, "உங்களுக்கு இது எதற்கு வேண்டும்?" என்ற ஐந்தாவது கேள்வியை வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். அதைக் கேளாமல் கொடுத்த முதல் தரச் சரக்கும் மறுநாள் திரும்பி வரும். கேட்டுக் கொடுத்த இரண்டாந்தரச் சரக்கு, வாங்கியவரையே மறுபடி கூட்டிக்கொண்டு வரும்.

பழுதுள்ள சரக்கை விற்கவே கூடாதென்று மார்க்கம் சொல்லவில்லை. பழுதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். ஓரம் நசுங்கிய தகரப் பெட்டி அரிசி போட்டு வைக்க எந்தக் குறைவும் இல்லாதது. அதைச் சொல்லிக் கொடுத்தால் விற்றவருக்கும் ஐபு இல்லை, வாங்கியவருக்கும் நஷ்டம் இல்லை.

நம் பிள்ளைகள் இன்று எல்லாவற்றுக்கும் 'பெர்பெக்ட்' என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் நிறைவு, முற்று, பக்குவம், தமாம், கமால் என்று தனித்தனியாக அறிந்த வாய்க்கு, பார்க்கும் கண்ணும் கூடுதலாகக் கிடைக்கும். இச்சொற்களைக் கடையில் வைத்தே, சரக்கைக் கையில் காட்டியே சொல்லிக் கொடுங்கள்.

முழுக் கமால் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. நமக்குக் கிடைப்பது நேர்மையாக நிறுக்கும் தராசும், உள்ளதை உள்ளபடி சொல்லும் நாவும்தான். அவ்விரண்டையும் அவன் நமக்குத் தந்தருள்வானாக, ஆமீன்.