நிலவேம்பு குடித்தால் வாரிசு இல்லையா?

"டாக்டர், நிலவேம்புக் கஷாயம் குடிச்சா ஆம்பளைப் பசங்களுக்கு வாரிசே இல்லாமப் போயிடுமாமே?"

2017 அக்டோபர். ஊரெங்கும் டெங்கு பயம். மலைக்கோட்டை தெப்பக்குளம் பக்கம் உள்ள என் வைத்தியசாலைக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த ஒரு தாயார் கேட்டது இது. பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல். இரண்டு நாள் கஷாயம் கொடுத்தவர், வாட்ஸ்-அப் செய்தியைப் பார்த்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட்டாராம். ஆய்வு முடிவு வரும்வரை வினியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தாருக்குச் சொன்னதும் அதே மாதம்தான்.

'எல்லாம் புரளி' என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். ஆனால் அது முழு உண்மையல்ல, அன்பர்களே! அந்தச் செய்திக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருந்தது. அதுவும் நம் திருச்சி ஆய்வாளர்கள் செய்து, 1990-ல் வெளியானது. ஆண் எலிகளுக்குத் தினமும் 20 மில்லிகிராம் உலர்ந்த நிலவேம்பு இலைப்பொடியை 60 நாட்கள் கொடுத்தார்கள். விந்தணு உற்பத்தி நின்றுபோனது.

பயமாக இருக்கிறதா? பொறுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். எலியின் எடை 200 கிராம் என்று வைத்தால், அதே விகிதத்தில் 60 கிலோ மனிதருக்கு தினம் 6 கிராம் இலைப்பொடி வரும். அதுவும் இரண்டு மாதம்! (எலிக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போட முடியாது. ஒரு மதிப்புக்குச் சொல்கிறேன்.) நிலவேம்புக் குடிநீரிலோ நிலவேம்பு ஒன்பதில் ஒரு பங்குதான். வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவை மற்ற எட்டு. 5 கிராம் சூரணத்தை 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாக வற்ற வைக்கிறோம். அதில் நிலவேம்பு அரை கிராம் சொச்சம். குடிப்பதும் சில நாட்களே.

1997-ல் வெளியான வேறோர் ஆய்வில், கிலோ எடைக்கு 1000 மில்லிகிராம் வரை நிலவேம்பின் உலர்சாற்றை 60 நாள் கொடுத்தும், ஆண் எலிகளின் விரைகளில் பாதிப்பு காணவில்லை. அந்த வாட்ஸ்-அப் செய்தியில் இதுவும் இல்லை, அளவும் இல்லை, 'எலி' என்ற சொல்லே இல்லை! பேப்பரோ, டி.வி.யோ, செல்போனோ, மருந்து பற்றிய செய்தி எதுவானாலும் யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு, எத்தனை நாள், வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். அதற்காக வருஷம் முழுக்க நிலவேம்பு குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. கர்ப்பிணிகளும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது.

'நிலவேம்பு இருக்க ஆஸ்பத்திரி எதற்கு?' என்ற செய்தியும் அப்போது சுற்றியது. நம் மருத்துவத்தைப் புகழ்கிறதே என்று எங்கள் ஆட்களே அதை ஆசையாகப் பரப்பினார்கள். வெட்கமாக இருந்தது. உயிருக்கு ஆபத்து இதில்தான் அதிகம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி மயக்கம், சிறுநீர் குறைவது... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தப் பையனுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். டெங்குதான். ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி, நல்லபடியாக வீடு திரும்பினான். போன வருஷம் அந்தத் தாயார் கல்கண்டோடு வந்தார்.

"பேரன் பொறந்திருக்கான் டாக்டர்! ரெண்டு நாள் கஷாயம் ஒண்ணும் பண்ணலை, பார்த்தீங்களா?"

"சந்தோஷம்மா. ஆனா ஒரு ஆளை வெச்சு அதையும் சொல்லக்கூடாது" என்றேன்.