நஞ்சறிந்து செய்யும் மருந்து
நம் உடலுள் அயற்பொருள் புகுந்தால், அதன் வடிவுக்குப் பொருந்தும் வெள்ளையணுக்கள் மட்டும் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. பூட்டுக்கேற்ற திறவுகோல்போல அது தனக்குரிய பொருளையே பற்றும்.

பாம்புக்கடி மருந்தும் இம்முறையில் விளைவதே. 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றுவர். அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளே மருந்தாகும். அது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே உரியது. கடற்பாம்பின் நஞ்சை முறிக்க அதனை நம்பலாகாது.

ஆகவே, பாம்பன், இராமேசுவரம் மீனவர் வலையில் சிக்கும் கடற்பாம்பை வெறுங்கையால் தொடலாகாது. கடிவாய் வலியாதிருப்பினும், பின்னர் தசைவலியும் மூச்சுத்திணறலும் வரலாம். எப்பாம்பு கடித்தாலும் கீறாமல், இறுகக் கட்டாமல், உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். இதனை ஊராட்சி உறுப்பினர்கள் ஊரார்க்கு எடுத்துரைப்பார்களாக.