நெல்லும் கம்பும் அக்கா தங்கச்சி!



சத்துமாவுக்கு கம்பு, கேழ்வரகு, சோளம், தினை என்று வாங்கி அரைக்கிறோம். நெல், கோதுமை, மக்காச்சோளத்தோடு இவை எல்லாமே ஒரே புல் குடும்பம். இந்த மாதப் பாடம் அந்த உறவைப் பற்றியதுதான்.

மரபணு என்றால் என்ன?

செடி எவ்வளவு உயரம் வளரணும், எப்போ கதிர் விடணும் என்று விதைக்குள் இருக்கும் குறிப்புதான் மரபணு. நெல்லின் குறிப்பு மொத்தம் சுமார் 39 கோடி எழுத்துகள். இந்தியா உட்பட பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2005-ல் அதைப் படித்து வெளியிட்டார்கள். சோளம் 2009-லும், தினை 2012-லும், கம்பும் கேழ்வரகும் 2017-லும் வந்தன.

ஒரே பேரேடு

எல்லாக் குழுக்களின் கணக்கையும் கூட்டமைப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலப் புல் குடும்பப் பயிர்களின் குறிப்புகளை ஒப்பிட, அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் 'கிராமீன்' என்ற கணினிப் பேரேட்டை உருவாக்கினார்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இதனால் என்ன லாபம்? ஒரு பயிரில் தெரிந்தது மற்றதற்கும் வழிகாட்டும். குட்டைக் கோதுமையிலும் குட்டை மக்காச்சோளத்திலும் உயரத்தைக் குறைப்பது ஒரே வகை மரபணுதான் என்று 1999-ல் தெரியவந்தது.

பேரேட்டில் இல்லாதது

2005-ல் படித்தது ஒரு ஜப்பான் நெல் ரகத்தை. வெள்ளத்தைத் தாங்கும் 'சப்-1ஏ' மரபணு அதில் இல்லவே இல்லை! அது ஒடிசா உழவர்கள் காத்து வந்த பழைய ரகத்தில் இருந்தது. 2006-ல் அதைக் கண்டறிந்தார்கள். அதைச் சேர்த்து உருவாக்கிய நெல் ரகங்கள், தண்ணீரில் முழுகினாலும் சுமார் 2 வாரம் தாங்கும். நம் தமிழ்நாட்டுக்கும் சி.ஆர்.1009 சப்-1 என்ற ரகம் வந்திருக்கிறது.

அந்த விதை அழிந்திருந்தால்? கணினியில் தேடியும் கிடைத்திருக்காது. கணினியில் உள்ள எழுத்து முளைக்காது. பானையில் உள்ள விதைதான் முளைக்கும்.

விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, பெயர் பொறித்த பாக்கெட்டாக இல்லாமல் விற்க, 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது.

குழுவில் பேசுவோம்

1. மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் முன்பு என்ன நெல் விதைத்தார்கள்? பெரியவர்களிடம் கேளுங்கள்.
2. சொந்த ஊரில் யார் வீட்டில் பழைய விதை இருக்கிறது?
3. ரகத்தின் பெயர், ஊர், குணம் மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

விதை காப்போம், வாழ்வு காப்போம்!