சொக்சோ விழுக்காடு குறைந்தால் மேல்முறையீடு

மலேசியாவின் ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்திலோ ஆலையிலோ வேலையில் அடிபட்டவருக்கு சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மருத்துவக் குழு போட்ட ஊன விழுக்காடு குறைவெனப் பட்டால், முடிவு தெரிந்த 90 நாள்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவை நாடலாம். "டாக்டர்களே சொல்லிட்டாங்க, இனி என்ன?" என்பார்கள். ஆனால் செம்பனைக் குலையைத் தூக்க முடியாத அளவு கைப்பிடி தளர்ந்திருப்பது அறிக்கையில் இல்லையென்றால், அது கணக்கில் ஏறுவது கடினம். எனவே வெறும் மனு போதாது. விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து எழுதிய நிபுணரின் புதிய அறிக்கை வேண்டும். ஓரிரு விழுக்காட்டுக்கு இத்தனை அலைச்சலா? நியாயமான கேள்விதான். ஆனால் 20 விழுக்காடு வரை இழப்பீட்டை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். தாண்டினால் ஐந்தில் ஒரு பங்குதான் மொத்தமாக, மீதி ஆயுள் முழுக்க மாதாமாதம். 18, 19 என்று நிற்பவருக்கு அலைச்சல் தகும். 90 நாள் கெடு தவறாமலிருக்க, முடிவுக் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் உறையிலேயே குறித்து வையுங்கள்.