உலாவி அடிக்கடி மூடிக்கொண்டால் செய்ய வேண்டியவை

சென்ற ஐப்பசி மாதம் மீமிசல் பகுதியில் சங்கமொன்றின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தபோது, அச்சங்கத்தின் அங்கத்தினரான முதிய விவசாயி ஒருவர் நம்மை அணுகி, தமது வீட்டுக் கணிப்பொறியை ஒரு முறை பார்த்துச் செல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். கூட்டுறவு ஆய்வாளருக்கும் கணிப்பொறி வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிறகு, பேரேட்டைப் புரட்டுவதோடு இந்தப் பெட்டியின் நோய்களையும் ஓரளவு அறிந்துகொள்ள வேண்டிய நிலை நமக்கு ஏற்பட்டுவிட்டது. ஆகையால் மறுக்காமல் சென்றோம்.

அவருடைய குறை இதுதான். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதிவு செய்வதற்காக இணையதளத்தைத் திறந்து, சிட்டாவையும் அடங்கலையும் ஏற்ற முயன்றால், இணைய உலாவி (பிரௌசர் என்று நாம் சொல்வது) திடீரென்று மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தால் மறுபடி மூடிக்கொள்கிறது. பதிவுக்கு இன்னும் மூன்று நாட்களே இருந்தன. கண்மாய் நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி நாற்று விடும் கடற்கரைச் சீமையில் காப்பீடு என்பது சிறிய காரியமன்று. நகரத்துக் கடையொன்றில் விசாரித்ததில், "பெட்டியைக் கொண்டுவாருங்கள், ஃபார்மட் செய்து தருகிறோம்" என்று சொன்னார்களாம். மறுநாள் முதல் பஸ்ஸில் அதைத் தூக்கிச் செல்வதற்காகச் சாக்கும் கயிறும் தயாராக வைத்திருந்தார்.

ஃபார்மட் என்பது வட்டில் உள்ளவற்றை அழித்து வெறும் வட்டாக்கிப் புதிதாகத் தொடங்குவது. வயலில் ஒரு மூலையில் பூச்சி விழுந்ததற்காக வயல் முழுவதையும் உழுது மடக்குவதைப் போன்றது அது. சில சமயம் அதுவும் தேவைப்படும். ஆனால் குறை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் செய்தால், இருந்த படங்களும் கணக்குகளும் போய், குறை மட்டும் அப்படியே நிற்கும்.

நாம் முதலில் கணிப்பொறியைத் தொடவே இல்லை. பெரியவரைச் சங்க அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த கணிப்பொறியில் காப்பீட்டுப் பதிவை முடித்து, ரசீதை அச்செடுத்துக் கையில் கொடுத்தோம். கெடுவுள்ள காரியத்தைப் பழுதான கருவியில் செய்துகொண்டிருக்கலாகாது. இ-சேவை மையமோ, உறவினர் வீட்டுக் கைபேசியோ, எது கிட்டுகிறதோ அதில் காரியத்தை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு பழுதை நிதானமாகப் பார்க்கலாம்.

இனிப் பழுது பார்க்கும் முறையைச் சொல்வோம். நமது நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. பாவில் இழை அறுந்துகொண்டே இருந்தால் தறிக்காரர் என்ன செய்கிறார்? எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால் அந்த இடத்து அச்சுப்பல்லைத் தடவிப் பார்க்கிறார். அங்கே ஒரு பிசிறு இருக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுந்தால் அச்சைக் குறை கூறுவதில்லை. நூலையும் கஞ்சியையும் சந்தேகிக்கிறார். உலாவியிலும் முதற் கேள்வி இதுவே. ஒரே தளத்தில், ஒரே காரியம் செய்யும்போது மட்டும் மூடிக்கொள்கிறதா, அல்லது எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்கிறதா?

இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். மூடிக்கொண்ட நேரம், அப்போது திறந்திருந்த தளம், செய்துகொண்டிருந்த வேலை, வேறு எந்தச் செயலியாவது கூடவே நின்றதா என்பவற்றை ஒவ்வொரு முறையும் ஒரு வரியாக எழுத வேண்டும். நமது பெரியவர், "காப்பீட்டுத் தளத்தில்தான் ஐயா மூடுகிறது" என்று உறுதியாகச் சொன்னார். அவர் அந்த வாரம் வேறு தளம் எதையும் திறக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. எழுதி வைத்தால் இப்படிப்பட்ட மயக்கம் வராது.

மூடிக்கொள்வதிலும் வகை உண்டு. ஒரு தாவல் மட்டும், அதாவது ஒரு பக்கம் மட்டும், வாடிய முகப் படத்துடன் நின்றுபோவது ஒன்று. உலாவி முழுவதும் மறைவது மற்றொன்று. கணிப்பொறியே நீலத்திரை காட்டி நிற்பதும், தானாக அணைந்து எழுவதும் மூன்றாவது. முற்காலத்து உலாவிகளில் ஒரு பக்கம் கெட்டால் எல்லாமே விழும். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த குரோம் உலாவி ஒவ்வொரு தாவலையும் பெரும்பாலும் தனித்தனி இயக்கமாகப் பிரித்து ஓட்டியது. ஃபயர்ஃபாக்ஸும் பின்னர் அந்த வழிக்கு வந்தது. ஆகையால் இன்று ஒரு தளத்தின் குறையால் சாதாரணமாக அந்தத் தாவல்தான் சாகும். உலாவி முழுவதுமே விழுகிறதென்றால் குறை தளத்தில் அன்று, நம் வீட்டில்தான் என்று எண்ணுவதற்கு இடமுண்டு. மூன்றாவது வகையாயின் உலாவியை விட்டுவிட்டுப் பெட்டியையே பார்க்க வேண்டும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் செலவில்லாத சோதனைகள் சில உள. ஒன்றைச் செய்தபின் சிறிது நேரம் உபயோகித்துப் பார்த்து, பலனில்லையேல் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நான்கையும் ஒருசேர மாற்றிவிட்டால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாமலே போகும்.

முதலாவது, இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் கணிப்பொறியில் எந்தச் செயலி எவ்வளவு நினைவகம் கொள்கிறது என்ற பட்டியல் வரும். 4 ஜிபி நினைவகமுள்ள வீட்டுக் கணிப்பொறியில் இருபது தாவல்களைத் திறந்து வைத்தால் அது திணறுவதில் வியப்பில்லை. சி வட்டு நிரம்பி வழிந்தாலும் உலாவி நிலைகொள்ளாது.

அடுத்து, எக்ஸ்டென்ஷன் எனப்படும் ஒட்டுச் செயலிகள். குரோமில் இன்காக்னிட்டோ என்னும் மறைவுச் சாளரத்தைத் திறந்தால், நாமாக அனுமதித்தவை தவிர மற்ற ஒட்டுச் செயலிகள் அதில் ஓடா. ஃபயர்ஃபாக்ஸில் உதவிப் பட்டியலில் உள்ள டிரபிள்ஷூட் மோட் என்பதும் இதே பயனைத் தரும். அங்கே ஒழுங்காக ஓடி, சாதாரணச் சாளரத்தில் விழுந்தால் ஒட்டுச் செயலியே முதற் சந்தேகம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். முன்பு நாம் பணியாற்றிய வட்டத்தில் ஒரு நெசவாளர் வீட்டில், சேலை டிசைன் தளங்களைத் திறந்தால் மட்டும் உலாவி விழுந்துகொண்டிருந்தது. வீடியோக்களை இலவசமாக இறக்கித் தருவதாகச் சொன்ன ஒட்டுச் செயலி ஒன்றை நீக்கியதும் சரியாயிற்று. இலவசமாக வருவது எல்லாம் உதவியன்று.

படங்கள், வீடியோக்கள் ஓடும்போது மட்டும் விழுந்தால், உலாவியின் அமைப்புப் பக்கத்தில் சிஸ்டம் என்ற பகுதியில் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என்ற விசையை நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய கணிப்பொறிகளில் திரைப்படச் சில்லுக்கும் புதிய உலாவிக்கும் ஒத்துப்போவதில்லை.

உலாவியின் வயதையும் விசாரிக்க வேண்டும். விண்டோஸ் 7 உள்ள கணிப்பொறிகளுக்குக் குரோம் 109ஆம் பதிப்பே கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு முதல் அவற்றில் ஏறாது. அத்தகைய பெட்டியில் வங்கித் தளமும் அரசுத் தளமும் நாளடைவில் தகராறு செய்யும். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அன்றோடு உலாவி நின்றுவிடும் என்பது இதன் பொருளன்று. ஆனால் பழைய பெட்டியைப் புதிதாக விலைக்கு வாங்க நினைக்கும் அங்கத்தினர்கள் இதைக் கவனித்தல் நலம்.

இவ்வளவுக்கும் மசியாவிடில், பலர் உலாவியை நீக்கி மறுபடி ஏற்றுகிறார்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. நமது புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், அமைப்புகள் எல்லாம் புரொஃபைல் என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. உலாவியை நீக்கினாலும் அது சாதாரணமாக வட்டிலேயே தங்கிவிடும். குறை அந்தக் கோப்புறையில் இருந்தால், புது உலாவியும் அதையே எடுத்துக்கொண்டு பழையபடி விழும். ஆகவே நீக்குவதற்கு முன் புதிய புரொஃபைல் ஒன்று உண்டாக்கி அதில் ஓட்டிப் பார்ப்பதே முறை.

இங்கே நாம் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெரியவர் வீட்டில் தேக்கி வைத்த தரவுகளை அழிக்கும் பக்கத்தைத் திறந்து, இருந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் குறியிட்டு அழித்துவிட்டோம். அவற்றுள் கடவுச்சொற்களும் ஒரு கட்டம். அவருடைய பேத்தி தனது உதவித்தொகைக் கணக்கின் கடவுச்சொல்லை உலாவியிலேயே சேமித்திருந்தாள். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பெண் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பாதிப் பொழுது புதிய கடவுச்சொல் பெறுவதிலேயே அவளுக்குக் கழிந்தது. தேக்கத்தை அழிப்பதானால் கேஷ் எனப்படும் படத்தேக்கத்தை மட்டும் அழித்தல் போதும். எதையும் அழிப்பதற்கு முன் புத்தகக்குறிகளைக் கோப்பாக எடுத்து வைத்து, கடவுச்சொற்களை வீட்டில் ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வைப்பது நல்லது.

நமது தவறும் பலனளிக்கவில்லை. உலாவி மறுபடி விழுந்தது. அதற்குள் தாளில் ஏழு வரிகள் சேர்ந்திருந்தன. அவற்றைப் படித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. ஏழும் ஏழு வேறு தளங்கள். அதோடு நான்காம் வரியில், பேரன் படம் பார்க்கும் செயலியும் தானே மூடிக்கொண்டதென்று எழுதியிருந்தது. அறுவது ஒரே இடத்தில் அன்று, எல்லா இடத்திலும். அப்படியானால் குறை நூலில்.

அச்சமயம் உள்ளிருந்து காப்பி கொண்டுவந்த வீட்டு அம்மாள், "இந்த உப்புக்காத்துக்குக் கதவுக் கீலே தாங்கலை. போன வருசம் வாங்கின மிக்ஸியும் போச்சு. இது மட்டும் தாங்குமா?" என்றார். பட்டதாரிகளான நமக்கு அது அதுவரை தோன்றவில்லை.

விண்டோஸில் மெமரி டயக்னாஸ்டிக் என்றொரு சோதனை உண்டு. தேடும் இடத்தில் அப்பெயரை இட்டால் கிடைக்கும். கணிப்பொறியை அணைத்து எழுப்பி, நினைவகத்தில் எழுதியும் படித்தும் அது சோதிக்கும். சற்று நேரம் பிடிக்கும். அதில் வன்பொருள் பிழை இருப்பதாகவே முடிவு வந்தது. மின் இணைப்பைப் பிடுங்கி, சிறிது நேரம் கழித்துப் பக்கப் பலகையைக் கழற்றினோம். உள்ளே தலா 2 ஜிபி கொண்ட இரண்டு நினைவகப் பட்டைகள். ஒன்றின் பொன்னிற விளிம்பு பளிச்சென்றிருந்தது. மற்றொன்றின் விளிம்பு மங்கிக் கறுத்திருந்தது.

முதலில் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, இருபுறக் கொக்கிகளையும் விலக்கிப் பட்டையை எடுத்தோம். பேத்தியின் பென்சில் அழிப்பான் கொண்டு அந்த விளிம்பை மெல்லத் தேய்த்து, துகளைப் பெட்டிக்கு வெளியே தட்டி, கொக்கிகள் 'டக்'கென்று பிடிக்கும்வரை திரும்பச் செருகினோம். காற்றாடியில் படிந்திருந்த தூசையும் மெல்லிய தூரிகையால் நீக்கினோம். சூடேறினாலும் கணிப்பொறி நின்றுபோகும். மறுபடி சோதித்ததில் பிழை ஒன்றுமில்லை. பிழை தொடர்ந்திருந்தால் ஒரு பட்டையை நீக்கி மற்றதை மட்டும் கொண்டு ஓட்டிப் பார்த்து, கெட்டதை மாற்றியிருக்க வேண்டும். கை பழகாதவர்கள் இதைத் தாமே செய்யாமல் மெக்கானிக்கை வைத்துச் செய்யலாம். ஆனால் அருகிலேயே இருக்க வேண்டும். "ஃபார்மட் வேண்டாம், முதலில் நினைவகத்தைச் சோதியுங்கள்" என்று சொல்லத் தயங்கக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. உலாவி நின்றுபோனது போலத் திரை முழுவதும் மறைந்து, 'உங்கள் கணிப்பொறியில் கிருமி புகுந்துவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள்' என்று ஒரு பக்கம் வரக்கூடும். அது பழுதன்று, மோசடி. பேசினால் கணிப்பொறியைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்பார்கள்; பிறகு வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளால் வரும் பட்டியலிலிருந்து உலாவியை நிறுத்தினால் அந்தப் பக்கம் போய்விடும். பணம் போய்விட்டதென்றால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தை மாதம் மறுபடியும் மீமிசல் சென்றபோது பெரியவர் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். நமது கையெழுத்தில் ஏழு வரிகள். அவற்றின் கீழே அவர் தமது கையால் எட்டாவதாக ஒன்று எழுதியிருந்தார்: "மார்கழி 12, சாயங்காலம் மூடிக்கொண்டது. கரண்ட் போனதால். பிரௌசர் பேரில் குற்றமில்லை."